அங்குலக் கணக்கு பார்க்கும் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தொழிற்சாலை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன வாரம் வருகைப் பதிவில் யார் யாருக்கு, சேரச் சேர வேலையையே பறிக்கும் தாமதப் புள்ளி விழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அன்று அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள நம் ஃபார்கோவில் விழுந்தது அரை அங்குலப் பனி. ஆறு அங்குலம் விழ வேண்டும், அல்லது சாலையை மூடியிருக்க வேண்டும், அப்போதுதான் தாமதத்தை மன்னிப்பீர்கள். விதிப்படி நீங்கள் செய்தது சரி. அந்த விதிதான் இந்த ஊருக்குப் பொருந்தவில்லை.

இங்கே பனி மேலே இருந்து மட்டுமா வருகிறது? வயலில் ஏற்கெனவே கிடப்பதைக் காற்று வாரிக்கொண்டு வந்து சாலையில் போடுகிறது. நம் ஊர் இருக்கும் இடத்துக்கு ரெட் ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று பெயர்தான், பள்ளமும் இல்லை மேடும் இல்லை. அகாசி என்ற பனியுக ஏரி வற்றிப்போன தரை அது. கனடா பக்கமிருந்து வரும் காற்றுக்குக் குறுக்கே நிற்க ஒன்றும் கிடையாது. தேசிய வானிலைச் சேவையும் பனிப்புயலை வரையறுக்கும்போது விழும் பனியோ காற்று கிளப்பும் பனியோ, மணிக்கு 35 மைல் காற்று, கால் மைலுக்கும் குறைந்த பார்வை, மூன்று மணி நேரம் என்று மட்டும் சொல்கிறது. எத்தனை அங்குலம் விழுந்தது என்ற பேச்சே அதில் இல்லை.

பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹில்ஸ்பரோ பக்கமிருந்து ஐ-29 நெடுஞ்சாலை வழியாக வருகிறவர். அன்று விடியுமுன்னே கிளம்பியிருக்கிறார். தலைக்கு மேலே நட்சத்திரம் தெரிகிறதாம், காரின் முன்பக்கம் தெரியவில்லையாம். நிறுத்தலாம் என்றால் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு இவர் கார் தெரியாது. போகலாம் என்றால் சாலை எது, ஓரப் பள்ளம் எது என்று புரியவில்லை. சக்கரங்களின் சூட்டில் பனி இளகி, மறுபடி உறைந்து, சாலை கண்ணாடியாகியிருந்தது. அந்தக் குளிரில் உப்பு போட்டாலும் பெரிதாக வேலை செய்யாது. சாலையோரப் பிரதிபலிப்புக் கம்பங்களை ஒன்றொன்றாகத் தேடிக்கொண்டே ஊர்ந்து, ஏதோ ஒரு வெளிவழியில் இறங்கி, பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கியிருக்கிறார். அங்கிருந்து போன் செய்து தகவலும் சொன்னார். உங்கள் அலுவலகத்தில் கிடைத்த பதில்: "சாலை திறந்துதானே இருக்கிறது?"

திறந்துதான் இருந்தது. ஆனால் அதற்கு வெகுநேரம் முன்பே மாநிலப் போக்குவரத்துத் துறை அந்த வழிக்கு 'பயணம் வேண்டாம்' என்று அறிவித்துவிட்டது. சாலையை மூடுவது கடைசிக் கட்டம். நெடுஞ்சாலைக் காவல்துறை கதவை இழுத்துப் போடும் வரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ஒருவர் வரும் வழிக்கு 'பயணம் வேண்டாம்' அறிவிப்பு இருந்தால், அன்றைய தாமதத்துக்குப் புள்ளி போடாதீர்கள்.

இது புதுக் கவலையும் இல்லை. 1984 பிப்ரவரி 4 அன்று இதே வட்டாரத்தில் விழுந்தது சில அங்குலம்தான். காற்றுதான் எமனாக வந்தது. நின்றுபோன கார்களிலும் வெளியிலுமாக 16 பேர் இறந்தார்கள்.

அப்புறம், குளிர்காலம் தொடங்கியதும் பனிமனிதன் படம் போட்டு நீங்கள் அனுப்பும் பாதுகாப்பு மின்னஞ்சல். காரில் போர்வை, மெழுகுவர்த்தி, மண்வெட்டி வைத்திருங்கள், புகைக்குழாயைப் பனி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் அக்கறையாக எழுதுகிறீர்கள். நல்ல அறிவுரை. வழியில் மாட்டிக்கொள்வோம் என்று உங்களுக்கே தெரிகிறது, மாட்டிக்கொண்டால் புள்ளியும் போடுகிறீர்கள். பனியே விழாத தெற்கத்தி ஊர்த் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து ஆறு அங்குலம் என்று எழுதியவர், ஒரே ஒரு ஜனவரி காலையில் எங்களோடு காரில் வரட்டும். ஹீட்டர் வேண்டுமானால் அவர் பக்கம் திருப்பிவிடுகிறோம்.

1930களில் அரசாங்கமே இந்தச் சமவெளி நெடுக மர வரிசைகளை நட்டது. கொஞ்சமாவது காற்றை அடக்கியவை அவை. இப்போது உழவு இயந்திரம் திரும்ப இடைஞ்சல் என்று பல இடங்களில் பிடுங்கி எறிகிறார்கள். கேட்பார் யார்? சரி, அது உங்கள் கையில் இல்லை. புள்ளி உங்கள் கையில்தான் இருக்கிறது.

கோபத்தில் ஏதும் மிகையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை கேட்கவில்லை, வராத நேரத்துக்குச் சம்பளமும் கேட்கவில்லை. காற்று தணிந்ததும் வந்து வேலை செய்கிறோம். 'பயணம் வேண்டாம்' என்று அறிவித்த நாளில் புள்ளி வேண்டாம், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்குப் போட்டதையும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். இன்னும் இரண்டு புள்ளி ஏறினால் அவருக்கு வேலை போய்விடும், ஏப்ரல் வரை இங்கே காற்று ஓயாது. இந்த மாத முடிவுக்குள் உங்கள் பதிலை உணவறை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
காலை ஷிஃப்ட் தொழிலாளி ஒருவர்