சிமுலேட்டரில் திரையைத் தாண்டியும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடற்படையினருக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டர்கள், அதாவது கரையிலேயே கப்பல் ஓட்டிப் பழக வைக்கும் மாதிரிக் கூடங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுற்றிலும் 360 பாகைத் திரை, அலைக்கு ஏற்ப ஆடும் தளம், நினைத்த நேரத்தில் வரவழைக்கும் மழை, மூடுபனி என்று எல்லாவற்றையும் அழகாக விளக்கியிருந்தார் கட்டுரையாளர். வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கு சிமுலேட்டரில் பயிற்சி தந்து ஓய்வு பெற்றவன் நான். படித்து முடித்ததும் ஒரு குறை உறுத்தியது. ஓட்டம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு, நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்த்து அலசுவார்களே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால் பயிற்சியே அங்கேதான் நடக்கிறது.

நாங்கள் அடிக்கடி கொடுத்த ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். குறுகலான நீர்வழி, எதிரே ஒரு சரக்குக் கப்பல், ஓரமாக மீன்பிடிப் படகுகள். பயிற்றுநர் அறையில் இருந்தபடியே சுக்கானைச் செயலிழக்கச் செய்வேன். சுக்கான் பிடிப்பவர், "சுக்கான் திரும்பவில்லை சார்" என்பார். சரியாக அந்த நேரம் பார்த்து ரேடியோவில் எதிர்க்கப்பலின் குரல் வரும்படி செய்வேன். அதிகாரி ரேடியோவை எடுத்துப் பேசத் தொடங்கிவிடுவார். அப்புறம் அலசலில், "அவர் என்னிடம் சொல்லவே இல்லை" என்று சாதிப்பார். பதிவை ஓட்டினால், சுக்கான்காரர் இரண்டு முறை சொன்னது தெளிவாகக் கேட்கும். அதைத் தன் காதால் கேட்ட அதிகாரியிடம், வந்த தகவலை உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள் என்று மறுபடி வற்புறுத்த வேண்டியதே இல்லை.

இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும் என்றும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், பிரிட்டிஷ் கடற்படை லிவர்பூலில் ஒரு பயிற்சிக் கூடம் தொடங்கியது. காசநோயால் கடற்பணியை விட நேர்ந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரி அதை நடத்தினார். தரையில் கட்டங்கள் போட்டு, அதையே அட்லாண்டிக் கடலாக வைத்துக்கொண்டார்கள். கப்பல்களின் நகர்வைச் சாக்கட்டியால் குறித்தார்கள். பயிற்சிக்கு வந்த அதிகாரிகளைத் துணித் திரைக்குப் பின்னால் நிறுத்தி, சிறு திறப்பு வழியாக மட்டும் பார்க்கவிட்டார்கள். கடலில் ஒரு கேப்டனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவர்களுக்கும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வெளியே வந்து, எதிரி நீர்மூழ்கிக் கப்பல் எந்த வழியாக நுழைந்தது, தாங்கள் எங்கே ஏமாந்தோம் என்று முழுத் தரையையும் பார்த்துப் பேசினார்கள். நடத்தியவர்களில் பெரும்பாலோர் கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள். போர் முடிவதற்குள் சுமார் 5,000 அதிகாரிகள் அங்கே படித்துவிட்டுப் போனார்கள். ஒரு கணினிகூட இல்லாமல்!

தத்ரூபம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தீயும் வெள்ளமும் பழக வேண்டுமானால் நனையத்தான் வேண்டும். அமெரிக்காவின் கிரேட் லேக்ஸ் பயிற்சித் தளத்தில், 210 அடி நீள மாதிரிப் போர்க்கப்பலில் புதிய மாலுமிகள் இரவு முழுவதும் புகையோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டுகிறார்கள். தேவையான பயிற்சிதான்.

ஆனால் அதே அமெரிக்கக் கடற்படை, 2003-ல் இளம் அதிகாரிகளுக்குக் கரையில் நடந்த அடிப்படை வகுப்பை நிறுத்திவிட்டு, குறுந்தகடுகளைக் கையில் கொடுத்துக் கப்பலுக்கு அனுப்பியது. குறுந்தகட்டிடம் யார் விவாதிப்பது? 2017-ல் சுமார் இரண்டு மாத இடைவெளியில் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் வணிகக் கப்பல்களோடு மோதி, 17 மாலுமிகள் இறந்தார்கள். இந்த விபத்துகளுக்குக் காரணங்கள் பல. இருந்தாலும் மெக்கெய்னில் நடந்ததை ஒவ்வொரு பயிற்றுநரும் படிக்க வேண்டும். தொடுதிரையில் சுக்கானையும் வேகக் கட்டுப்பாட்டையும் இரு இருக்கைகளுக்குப் பிரிக்கும்போது, சுக்கானும் சேர்ந்து பக்கத்து இருக்கைக்குப் போய்விட்டது. சுக்கான் செயலிழந்துவிட்டதாக நினைத்தார்கள். வேகத்தைக் குறைத்தபோது ஒரு பக்க ப்ரொப்பெல்லர் மட்டுமே குறைந்தது; கப்பல் இடதுபுறம் திரும்பி எண்ணெய்க் கப்பலின் பாதைக்குள் போனது. எல்லாம் சில நிமிடங்களில். பணியில் இருந்த சிலர் வேறு வகைக் கட்டுப்பாட்டு அமைப்பு உள்ள கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள். போதிய பயிற்சி இல்லாததை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. அதே தொடுதிரையில், அதே குழுவை உட்காரவைத்து, இந்தக் குழப்பத்தைக் கரையிலேயே வரவழைத்து, பிறகு பதிவை நிறுத்தி நிறுத்திக் காட்டியிருந்தால், கடலில் அந்த நிமிடங்கள் வேறு மாதிரி போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கு ரேடார் சிமுலேட்டர் பயிற்சியைச் சர்வதேச உடன்படிக்கையே கட்டாயமாக்கியிருக்கிறது. போர்க்கப்பல்கள் அந்த உடன்படிக்கைக்குள் வருவதில்லை. எப்படிப் பயிற்சி தருவது என்பதை ஒவ்வொரு கடற்படையும் தானே முடிவு செய்கிறது. அதனால்தான் உங்கள் கட்டுரை போன்றவை முக்கியம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிமுலேட்டர் பதிவு பதவி உயர்வுக் கோப்புக்குப் போகும் என்று தெரிந்துவிட்டால், இளம் அதிகாரி எதையும் முயன்று பார்க்க மாட்டார். சந்தேகம் வந்த உடனே கேப்டனைக் கூப்பிட்டுவிட்டு, கைகட்டி நின்று, தப்பில்லாமல் வெளியே வருவார். அப்புறம் அலசுவதற்கு எதுவும் மிஞ்சாது. எங்கள் கூடத்தில் அலசல் முடிந்ததும் பயிற்சி பெற்றவர்கள் கண்ணெதிரிலேயே பதிவை அழித்துவிடுவோம். அதன்பிறகுதான் மனம்விட்டுப் பேசத் தொடங்கினார்கள்.

கட்டுரையாளர் அடுத்த முறை ஒரு சிமுலேட்டர் கூடத்துக்குப் போகும்போது, பயிற்றுநர் அறையிலும் கொஞ்ச நேரம் உட்காரட்டும். அலசலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள், பதிவு யார் கைக்குப் போகிறது என்று கேட்டு எழுதட்டும். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சிமுலேட்டர் பயிற்றுநர் ஒருவர்