எல்எல்ஆர் எழுதப் போகும் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும்

தெருக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த மாதம் நம் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் எல்எல்ஆர் (வண்டி ஓட்டப் பழகுவதற்கான உரிமம்) தேர்வுக்குப் போகிறார்கள். சாலைக் குறியீடுகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்கிறார்கள். அதைவிட முதலில் வடிவத்தைப் பாருங்கள் தம்பி, தங்கைகளே.

சிவப்பு விளிம்பு போட்ட முக்கோணம் எச்சரிக்கை: முன்னால் வளைவு, பள்ளி, குறுகிய பாலம். சிவப்பு வட்டம் தடை. நீல வட்டம் கட்டாயம். நீலச் செவ்வகம் தகவல் மட்டும். தலைகீழ் முக்கோணம் என்றால் வழிவிட வேண்டும். எண்கோணத்தில் 'நில்' என்றிருந்தால் சக்கரம் முழுதாக நிற்கணும். மெதுவாக உருட்டிக்கொண்டே போவது நின்றதாகாது.

சிக்னல் இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடுங்கள். ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றி வருபவருக்கே முன்னுரிமை. பெரியவர்களான நாமே இதை மறந்துவிட்டோம்.

பெற்றோருக்கு ஒன்று. 18 வயது ஆகாத பிள்ளை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிச் சிக்கினால், 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பால் வாங்கத்தானே என்று தயவுசெய்து சாவியைக் கொடுக்காதீர்கள்.

எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்தே லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை வண்டியில் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' இருக்கட்டும்.

ஞாயிறு காலை 7 மணிக்கு மைதானத்தில் சுண்ணாம்பால் சந்திப்பு வரைந்து பழகலாம். வருபவர்கள் ஹெல்மெட்டோடு வாருங்கள்.