வாடகைக் குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் சங்கம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் செயலாளர் என்ற முறையில் இங்கே வைக்கிறேன். சென்ற பொதுக்குழுவில் அறிக்கை நீளம் என்று குறை சொன்னார்கள். இந்த வருஷமும் நீளம்தான்.

செயற்குழு ஒன்பது முறை கூட்டப்பட்டது. மூன்று முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேரவில்லை. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் கீழ்த்தளப் போர்ஷன்களில் தண்ணீர் ஏறிய குடும்பங்களுக்கு மாடி வீடுகளில் இரண்டு ராத்திரி இடம் பார்த்துக் கொடுத்தோம். அதில் இரண்டு மாடிகள் வீட்டுக்காரர்களுடையவை என்பதையும் நன்றியோடு பதிவு செய்கிறேன்.

இனி புகார்கள். வழக்கம்போல முக்கால்வாசி அட்வான்ஸ் பற்றியவை. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுத்திலேயே வைக்கிறேன். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. அதோடு 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் ‘நியாய வாடகை’ கேட்டுப் போகும் வழியும் முடிந்துபோயின. வாடகை இவ்வளவுதான் என்று இப்போது எந்தச் சட்டமும் சொல்லாது. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் வாடகை. ‘ஒரேயடியாக மூவாயிரம் ஏற்றிவிட்டார், கேஸ் போடுங்கள்’ என்று வருகிறவர்களிடம் நான் முதலில் ஒப்பந்தத்தைக் கேட்பது அதனால்தான். கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதே வரியின் தொடக்கத்தில் ‘மாறாக ஒப்பந்தம் இருந்தாலொழிய’ என்று ஒரு வாசல் திறந்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பத்து மாத அட்வான்ஸுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேசினால் எடுபடாது. பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த ஒரு மாதம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதில்தான் இந்த வருஷம் பாதிச் சண்டை. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால் தேதிக்கு ஆதாரம் கிடையாது. ‘இன்ன தேதியில் இத்தனை சாவி பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் என்றாலும் போதும்.

அட்வான்ஸ் கைக்கு வராது என்று பயந்து கடைசி இரண்டு மாத வாடகையை அதில் ‘கழித்துக்கொள்ளச்’ சொல்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டு மாத வாடகை பாக்கி என்பது அதே சட்டத்தில் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களில் ஒன்று. கழிக்க வீட்டுக்காரர் சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள். அவர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்தால், அதை வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது. தண்ணீர், கரண்ட் நிறுத்திக் காலி செய்ய வைப்பதும் தடை செய்யப்பட்டதுதான். அதற்கும் அந்த அதிகாரியிடம்தான் மனு. ஆனால் பதிவு செய்யாத ஒப்பந்தத்தோடு அங்கே போனால் முதல் கேள்வியே ‘பதிவு எண் எங்கே?’ என்பதுதான். இந்த வருஷம் நாம் கூடப்போன நான்கு மனுக்களில் மூன்று அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டன.

பதிவு என்றதும் வீட்டுக்காரர்கள் பின்வாங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பான் எண். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்கும்போது அலுவலகத்தில் அந்த எண்ணைக் கேட்பார்கள். இதனாலேயே ‘பேங்கில் போடாதே, கையில் கொடு’ என்கிறார்கள். ஆனால் புதிய வருமான வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்த விலக்கே கிடையாது. விலக்கே இல்லாதவர்கள் அலுவலகத்துக்காகப் பான் எண் கேட்டுச் சண்டை போட்டது இந்த வருஷம் இரண்டு முறை நடந்தது. சம்பளப் பிரிவில் கேட்டுவிட்டு அப்புறம் கதவைத் தட்டலாம்.

இப்போது ஒப்படைப்புத் தாள், அதாவது குடிபோகும் நாளில் வீடு எந்த நிலையில் இருந்தது என்று எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கும் தாள். இதைப் பற்றிச் செயற்குழுவில் பேசப்பட்டதும் பேசப்படாமல் வாசலில் நின்று பேசப்பட்டதும் என் காதுக்கு வந்தன. ஒப்புதல் இல்லாமல் 500 பிரதி அச்சடித்தேன் என்பது குற்றச்சாட்டு. ஒப்புதல் கேட்கவென்றே வைத்த மூன்று கூட்டங்கள்தான் கோரம் இல்லாமல் கலைந்தவை என்பதை நடவடிக்கைக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

தாள் எதற்கு? காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது நம் ஊர் வழக்கம். சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும், பைப் மாற்றுவதும், வயரிங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய், வாஷர், சுவிட்ச், சாக்கெட், வாஷ்பேசின், கீசர் ரிப்பேர், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, தாழ்ப்பாள் எல்லாம் நம் பொறுப்பு. இதிலும் ‘ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டபடி’ என்ற வாசல் உண்டு. ஆகவே ‘காலி செய்கையில் ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு’ என்ற வரி இருந்தால் கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ‘பில்லைக் காட்டி, குடியிருந்த காலத்துக்கு ஏற்ப’ என்று மாற்றச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாத இடத்தில் கேள்வி ஒன்றுதான்: அந்தக் கறை நீங்கள் வருவதற்கு முன்பே இருந்ததா? அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தத் தாள்.

முன்னும் பின்னுமாக ஒரே தாள். அறைக்கு ஒரு வரிசை. சுவர், தரை, கதவு, ஜன்னல், சுவிட்ச் போர்டு, குழாய் என்று கட்டங்கள். ‘நன்றாக உள்ளது’ என்று யாரும் எழுதாதீர்கள்; அதற்கு அர்த்தமே கிடையாது. ‘ஹால் கிழக்குச் சுவரில் ஆணி ஓட்டை 6’, ‘பாத்ரூம் கதவு அடியில் ஒரு சாண் உயரத்துக்கு உப்பி உரிந்திருக்கிறது’, ‘சமையல் மேடைக் கல்லில் சிங்க் ஓரம் விரிசல்’ என்று எழுத வேண்டும். கீழே சாவிகளின் எண்ணிக்கை, ஈபி கார்டு எண், அன்றைய மீட்டர் ரீடிங், சப் மீட்டர் இருந்தால் அதன் ரீடிங்.

போட்டோவைச் சாமான் இறக்குவதற்கு முன், பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சுவருக்கும் தள்ளி நின்று ஒன்று, குறை இருக்கும் இடத்தில் கிட்டத்தில் ஒன்று. லாஃப்டுக்கு அடியில், வாஷ்பேசினுக்குக் கீழே, பாத்ரூமை ஒட்டிய சுவரின் மறுபக்கம் ஆகிய மூன்று இடங்களையும் விடாதீர்கள். ஓதம் அங்கேதான் தெரியும். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு முப்பது, நாற்பது படம் ஆகும். அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இன்று வீட்டை இந்த நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரி போடுங்கள். தேதி இரண்டு போனிலும் பதிவாகிவிடும். மறையும் செய்தி வசதி ஆனில் இருந்தால் எல்லாம் காற்றோடு போகும். ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. மெயிலிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

முதலில் இந்தத் தாள் நான்கு பக்கம் இருந்தது, யாரும் நிரப்பவில்லை. தலைப்பு ‘ஒப்பந்த இணைப்பு’ என்று இருந்தது. ஏதோ பத்திரம் என்று வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போடவில்லை. தலைப்பை ‘சாமான், சாவி விவரம்’ என்று மாற்றினேன், போடுகிறார்கள். தாள் நிரப்பி வைத்திருந்து இந்த வருஷம் காலி செய்த ஏழு பேரில் ஐந்து பேருக்குப் பெயின்டிங் பிடித்தம் இல்லை. ஒருவருக்குப் பாதி. இன்னொருவர் மகன் சுவரில் வரைந்த யானைக்காகப் பிடித்தார்கள். அதில் சங்கம் தலையிடவில்லை. ஐந்நூறில் மீதமுள்ள 340 பிரதிகள் பீரோவில் இருக்கின்றன, இலவசம்.

கரண்ட் விஷயம். ஒரே ஈபி இணைப்பில் மூன்று போர்ஷன், சப் மீட்டர், யூனிட் 8 ரூபாய் என்பது நம் பகுதியில் சாதாரணம். 2024 ஜூலை கட்டணப்படி கணக்குப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கும் வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு 2.35 வீதம் 235 ரூபாய். மூன்று வீட்டுக்கும் சேர்த்து 705. அதே 600 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் 500-ஐத் தாண்டிவிடுவதால் கட்டண அடுக்கே மாறி 2,880 ரூபாய் ஆகிறது. வீட்டுக்காரர் நம்மிடம் வாங்குவது 4,800. இதில் அவரைத் திட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் வாரியத்துக்குக் கட்டுவதே யூனிட்டுக்கு 4.80 விழுகிறது. ஆகவே ‘கார்டு ரேட்டில் 235 தான் தருவேன்’ என்று நிற்பதைவிட, ஈபி பில்லைக் காட்டச் சொல்லி மொத்தத்தை மொத்த யூனிட்டால் வகுத்துக் கொடுப்பது நடக்கிற காரியம். மோட்டார், மாடிப்படி விளக்கு யூனிட்டைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள போர்ஷன் என்றால் தனி இணைப்புக்கு வீட்டுக்காரரைச் சம்மதிக்க வையுங்கள்.

லீஸுக்கு வீடு எடுப்போருக்குச் சுருக்கமாக. எட்டு லட்சம், பத்து லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது சுகம்தான், வாசலில் பேங்க் நோட்டீஸ் ஒட்டும் வரை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததாகப் பதிவு இருந்தால் வீட்டின் மேல் கடன் உண்டு என்று அர்த்தம். வில்லங்கத்தில் ஏறாத அடமானமும் உண்டு என்பதால் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பணம் பேங்க் வழியாகத்தான்.

சந்தா. மாதம் 50 ரூபாய். ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு. பதிவேட்டில் 184 பேர். முழுச் சந்தா கட்டியவர்கள் 61 பேர். அட்வான்ஸ் சிக்கினால் ராத்திரி பத்து மணிக்கும் செயலாளர் போன் அடிக்கிறது. பணம் வந்த மறுநாள் முதல் அதே எண்ணிலிருந்து அழைப்பு வருவதில்லை, நாம் அழைத்தாலும் எடுப்பதில்லை. ‘வீடு மாறிவிட்டேன் சார், இப்போ அந்த ஏரியாவில் இல்லை’ என்று 38 பேர் சொன்னார்கள். வாடகைக்காரர் சங்கத்தில் வீடு மாறாத உறுப்பினரை எங்கே தேடுவது? போன இடத்திலும் வாடகைதானே கொடுக்கிறார்கள்! இரண்டு வருஷப் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இன்றைய தேர்தலில் வாக்கு இல்லை என்பது விதி. விதியை நான் எழுதவில்லை. சங்க விதிப் புத்தகத்தின் 22-ஆம் பக்கத்தில் இருக்கிறது. பாக்கிப் பட்டியலைப் பலகையில் ஒட்டலாமா என்று செயற்குழுவில் கேட்டேன். செயற்குழு உறுப்பினர்கள் நால்வரின் பெயரும் அதில் இருந்ததால் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

கணக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சமம். செலவில் அறை வாடகை, அச்சு, போக்குவரத்து, விழா, இதரம் என்பவை அடங்கும். இதரம் சற்றுக் கூடியிருப்பது புயல் வாரத்தால். விவரம் பொருளாளர் வசம் உள்ளது. தணிக்கையாளர் கையெழுத்து இன்னும் ஒரு வாரத்தில் வரும்.

தலைவர் அவர்களுக்கும், கட்டணம் வாங்காமல் மனுக்களைப் பார்த்துத் தந்த வழக்கறிஞருக்கும், கோலப்போட்டி நடுவர்களுக்கும், நாற்காலிகளைப் பாதி வாடகைக்குத் தந்த பந்தல் கடைக்காரருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. மாதம் ஒரு சனிக்கிழமை ஒப்பந்தப் பதிவு உதவி நாள் வைக்கலாம் என்று எண்ணம். ஒரு கணினியும் ஸ்கேனரும், இரண்டு மணி நேரம் உட்காரக்கூடிய இரண்டு பேரும் வேண்டும். கணினிக்கு ஆள் இருக்கிறார், ஆளுக்குத்தான் ஆள் இல்லை.

கடைசியாக, சொல்லத் தயங்கிய ஒன்று. இந்தச் சங்கத்தின் அறைக்கு எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. முந்தைய நிர்வாகம் வாய்ப்பேச்சில் எடுத்தது. நான் பொறுப்பேற்ற பிறகு இரண்டு முறை தாளை நீட்டினேன், ‘நமக்குள்ளே எதுக்கு’ என்றார் உரிமையாளர். வாடகை 4,500, ஜூனிலிருந்து 6,000 கேட்கிறார். எழுத்து இல்லாததால் நாம் எதைக் காட்டி மறுப்பது? மார்ச் 31 அன்று பிப்ரவரி, மார்ச் இரண்டு மாத வாடகை பாக்கி. அது எதற்குக் காரணமாகும் என்பதை மேலேயே எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகான மாதங்கள் அடுத்த ஆண்டறிக்கைக்கு உரியவை.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்கேன் பண்ணும் அட்டையும் அங்கேயே இருக்கிறது. டீ, சமோசா அந்த மேசையைத் தாண்டி வைக்கப்பட்டிருக்கின்றன.

செயலாளர்