எரரியின் சின்னப் பெயர்கள்: பூங்கா ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

வேல்ஸின் எரரி தேசியப் பூங்கா ஆணைய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பரங்கிமலை அடிவாரத்தில் பிறந்து, 18 ஆண்டுகளாக லிவர்பூலில் குடியிருப்பவன் எழுதுகிறேன். நான் உங்கள் வாக்காளன் இல்லை. உங்களுக்கு வரி கட்டுபவனும் இல்லை. ஆனால் என் வீட்டுக் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் ஒரு பங்கு உங்கள் மலையில் பெய்த மழை. அந்தக் கடனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு வெல்ஷ் எழுத வராது. ஆங்கிலத்தில் எழுதலாம்தான், பெயர்களைப் பற்றிய மடல் என்பதால் கை போகவில்லை. பெத்தெஸ்டாவில் பிறந்த நண்பர் ஒருவர் இதை வெல்ஷில் பெயர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிரதி தனியாக அஞ்சலில் வரும். தமிழில் வெளியிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கோடை விடுமுறையில் வேன் பிடித்து, புளிச்சாதம் கட்டிக்கொண்டு உங்கள் மலைக்கு வரும் எங்கள் ஆட்களும் இதைப் படிக்க வேண்டும்.

முதலில், 2022 நவம்பரில் நீங்கள் எடுத்த முடிவுக்கு நன்றி. வேல்ஸின் வடமேற்கில் 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் இந்த மலைநாட்டை 1951இல் தேசியப் பூங்காவாக்கியபோது ஆங்கிலத்தில் வைத்த பெயர் ஸ்னோடோனியா. 1,085 மீட்டர் உயரமுள்ள தலைமலைக்கு ஸ்னோடன். இனி எந்த மொழியில் எழுதினாலும் எரரி, அர் வித்வா என்றே எழுதுவோம் என்று தீர்மானம் போட்டீர்கள். சட்ட ஆவணங்களில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது வேறு விஷயம். அடுத்த ஆண்டே தெற்கிலுள்ள பிரெக்கன் பீக்கன்ஸ் பூங்காவும் உங்களைப் பார்த்து பன்னாய் பிரக்கைனியோக் ஆனது.

ஸ்னோடன் என்றால் பழைய ஆங்கிலத்தில் பனிக்குன்று. சமவெளியில் நின்றுகொண்டு, தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்துச் சொன்ன பெயர். வித்வா என்றால் இறந்தவர்மேல் குவித்த கல்மேடு. எங்கள் சங்கப் பாட்டில் பதுக்கை என்று வருமே, அதேதான். அந்தக் கல்லுக்கு அடியில் கிடப்பவன் ரிட்டா என்ற அரக்கன். தான் வென்ற மன்னர்களின் தாடிகளைக் கொய்து மேலாடை தைத்துப் போட்டுக்கொண்டவன், கடைசியில் ஆர்தரின் தாடியையும் கேட்டான். ஆர்தர் அவனைக் கொன்று, மலையுச்சியில் கல் குவித்து மூடினான். பனிக்குன்று என்று சொன்னால் இந்தக் கதைக்குள் நுழைய வாசலே இல்லை. எரரி என்பதற்குக் கழுகுகளின் இடம் என்று வெகுகாலம் பொருள் சொன்னார்கள். மேட்டுநிலம் என்பதுதான் சரி என்கிறார்கள் இன்றைய சொல்லாய்வாளர்கள். கழுகு பறந்துபோனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

“வெளியூர்க்காரன் வாயில் நுழையாது” என்று அப்போது சிலர் முணுமுணுத்தார்கள். வித்வாவில் வரும் அந்த த, ‘அது’ என்னும்போது நாங்கள் சொல்லும் த. மலைப்பள்ளத்தைக் குறிக்கும், கும் என்று படிக்க வேண்டிய சொல்லில் வெல்ஷ்காரர்கள் எழுதும் டபிள்யூ, எங்கள் உகரம். மலையடி ஊரான லான்பெரிஸின் முதல் ஒலிக்கு மட்டும் எங்களிடம் எழுத்தில்லை. நாக்கை மேலே ஒட்டிவைத்துப் பக்கவாட்டில் காற்றை விட வேண்டும், நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். எங்கள் மொழியின் பெயரிலுள்ள கடைசி எழுத்தையே உலகம் இன்னும் சரியாகச் சொல்லவில்லை. அதற்காக நாங்கள் பெயரை மாற்றிக்கொண்டோமா?

இதில் எங்கள் ஊர்க்கதை ஒன்றும் இருக்கிறது. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு போட்டுத் தொடங்கிய நில அளவைதான் வடக்கே நீண்டு நீண்டு இமயம் வரை போனது. லாம்டனுக்குப் பின் அந்த வேலையை ஏற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் உயரமான சிகரத்துக்கு அவர் பெயரைச் சூட்டப் பேச்செழுந்தபோது, அந்த ஊர் மக்களால் என் பெயரைச் சொல்ல முடியாதே என்று தடை சொன்னவர் அவரேதான். யாரும் கேட்கவில்லை, திபெத்தியரின் சொமோலுங்மா 1865இல் எவரெஸ்ட் ஆனது. அதே சிகரத்தை 1953இல் ஏறிய குழு பயிற்சி எடுத்தது உங்கள் சரிவுகளில், தங்கியது பென்-அ-கூரிட் விடுதியில். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எவரெஸ்டில் ஏறுபவர்கள் கடக்கும் பனிப்பள்ளத்தாக்குக்கு 1921இல் மலையேறி மாலரி வைத்த பெயர் வெஸ்டர்ன் கும். உங்கள் சொல்! ஷெர்பாவும் சொல்கிறார், ஜப்பானியரும் சொல்கிறார். ஆறாயிரம் மீட்டருக்கு மேலே, மூச்சுமுட்டும் காற்றில் சொல்ல முடிகிற வெல்ஷ் சொல்லை, கார் நிறுத்துமிடத்தில் நின்று சொல்ல முடியாதா?

பெரிய பெயர்கள் இரண்டும் திரும்பிவிட்டன. நான் எழுத வந்தது சின்னப் பெயர்களுக்காக.

போன கோடையில் ஓக்வென் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறினோம். எங்களோடு வந்த தம்பி கைபேசியைப் பார்த்து, “அண்ணா, அடுத்தது லேக் ஆஸ்திரேலியா” என்றான். மேலிருந்து பார்த்தால் ஏரி அந்தக் கண்டத்தின் வடிவில் இருக்கிறதாம். அதன் பெயர் லின் போக்லுய்த்: சாம்பல் கன்னத்து ஏரி. வேட்டைக்காரனுக்குத் தப்பிய கிழட்டுக் கலைமான் ஒன்று பாறையிலிருந்து இந்த ஏரிக்குள் பாய்ந்து, நரைத்த கன்னம் மட்டும் நீருக்கு மேலே தெரிய நீந்திக் கரையேறியதாகக் கதை. மானை அழித்துவிட்டு அங்கே ஆஸ்திரேலியாவைப் போட்டிருக்கிறோம். ஏரிகளின் வெல்ஷ் பெயர்களைத் தரப்படுத்திப் பயன்படுத்த நீங்கள் முனைந்திருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தம்பியின் கைபேசிக்கு அது இன்னும் தெரியவில்லை.

பக்கத்திலேயே இன்னொரு பள்ளம். ஆங்கில மலையேறிகள் அதைப் பெயரில்லாக் கும் என்று வழிகாட்டி நூல்களில் எழுதிவைத்தார்கள். இடையர்களைக் கேட்டிருந்தால் கும் க்னைவியோன் என்று சொல்லியிருப்பார்கள். கத்தரித்த ஆட்டுரோமப் பள்ளம். பெயர் இருந்தது, கேட்டவர்தான் இல்லை. பெத்தூஸ்-அ-கோய்ட் பக்கத்து அருவியின் கதை இதைவிட வேடிக்கை. ரையாடர் எவன்னோல், அதாவது நுரைத்துக் கொட்டும் அருவி. எவன்னோலை யாரோ குவென்னோல் என்று காதில் வாங்கினார். அது தகைவிலான் குருவி. ஆங்கிலத்தில் ஸ்வாலோ ஃபால்ஸ் ஆகிவிட்டது. எங்கள் வேனில் வந்த பாட்டி அரைமணி நேரம் குருவியைத் தேடினார்.

இந்தச் சின்னப் பெயர்கள் வாழ்வது பெரும்பாலும் வாயில்தான். 2021 மக்கள்தொகைக் கணக்கில் வேல்ஸ் முழுக்க வெல்ஷ் பேசுவோர் 17.8 விழுக்காடு, உங்கள் பூங்காவின் பெரும்பகுதி அடங்கிய குவினெத்தில் 64.4. இடையரும் பண்ணைக்காரரும் வீட்டை விற்றுவிட்டு இறங்கிப் போனால், ஒவ்வொரு வயலின் பெயரும் அவர்களோடு போய்விடும். உங்கள் பகுதி ஸ்லேட் குவாரிகளின் ஓடுகளைப் பாருங்கள். தோண்டியவன், பிளந்தவன், சுமந்தவன் எல்லாரும் வெல்ஷ் பேசினான். ஓட்டின் அளவுகளுக்குப் பெயரோ டச்சஸ், கவுன்டஸ், லேடி என்று ஆங்கிலச் சீமாட்டிகளின் பட்டங்கள்! பென்ரின் குவாரியில் 1900 முதல் 1903 வரை நடந்த வேலைநிறுத்தத்தின்போது, இந்த வீட்டில் துரோகி இல்லை என்று வெல்ஷில் அச்சடித்த அட்டையை பெத்தெஸ்டாக்காரர்கள் சன்னலில் வைத்தார்கள். அந்த ஒரு வரியை எந்தச் சீமாட்டியின் பெயரும் மூட முடியவில்லை.

இனி, தண்ணீர்க் கடன். 1957இல் லிவர்பூல் மாநகராட்சி, உள்ளூர் அனுமதி எதுவும் தேவைப்படாதபடி நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் கொண்டுவந்து ட்ரவெரின் பள்ளத்தாக்கை அணை கட்ட எடுத்துக்கொண்டது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் 35 பேர் எதிர்த்தார்கள், ஒருவர்கூட ஆதரிக்கவில்லை, சட்டம் நிறைவேறிற்று. காப்பெல் கெலின் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடம், தேவாலயம், அஞ்சலகம், 12 வீடுகள் நீருக்குள் போயின. 1965 அக்டோபரில் அணைத் திறப்பு விழா, எதிர்ப்புக் கூச்சலில் சில நிமிடங்களில் முடிந்தது. எங்கள் மாநகராட்சி 2005இல் மன்னிப்புக் கேட்டது. அங்கே தேக்கும் நீர் ட்ரவெரின் ஆற்றில் இறங்கி, பாலாவருகே டவர்டுவியில் கலந்து, செஸ்டர் வரை வந்த பிறகுதான் எங்கள் குழாய்களுக்குத் திரும்புகிறது. செஸ்டரில் அந்த ஆற்றுக்கு டீ என்று பெயர். லிவர்பூலில் நான் கேட்டவர்களில் பாதிப்பேருக்கு மூழ்கிய அந்த ஊரின் பெயர் தெரியவில்லை. கடலோரம் லான்ரஸ்டிட் அருகே ஒரு குட்டிச்சுவரில் “ட்ரவெரினை நினைவில் கொள்ளுங்கள்” என்று வெல்ஷில் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும்.

நீங்கள் சின்னதைக் காக்கத் தெரியாதவர்களும் இல்லை. ட்ரவ்ஸ்வனித் இடையர் மகன் எல்லிஸ் எவன்ஸ், ஹெத் வின் என்ற புனைபெயரில் எழுதியவர், 1917 ஜூலை 31இல் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் போர்க்களத்தில் இறந்தார். ஐந்து வாரம் கழித்து, எங்கள் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பர்க்கன்ஹெட்டில் நடந்த தேசியக் கவிவிழாவில் வென்ற கவிஞரை அழைத்தபோது எழுந்து வர ஆளில்லை. பரிசான நாற்காலியைக் கறுப்புத்துணியால் மூடினார்கள். அதைச் செதுக்கியவர் ஃபிளாண்டர்ஸிலிருந்து தப்பிவந்த அகதி. அந்தப் பண்ணைவீட்டை நீங்கள் 2012இல் வாங்கினீர்கள், அர் அஸ்கூர்ன் என்ற அதன் பெயரோடு. அந்தக் கவனத்தைத்தான் மற்ற வீடுகளுக்கும் கேட்கிறேன். கைமாறும் வீடுகளுக்குப் புதிதாக ஆங்கிலப் பெயர்ப் பலகை மாட்டுவதைத் தடுக்க உங்களுக்கு அதிகாரமில்லாமல் இருக்கலாம். ஆனால் கட்டட அனுமதிக் கோப்பு உங்கள் மேசைக்குத்தானே வருகிறது? அதில் பழைய பெயரையும் எழுதி வாங்குங்கள்.

எங்கள் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாடு என்ற பெயர் கேட்டு 1956இல் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். பெயர் வந்தது 1969இல். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு மாற்றி எங்கள் அரசு ஆணை போட்டது. எப்படி எழுதுவது என்று ஊரெல்லாம் சிரித்ததில், சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். மேசையிலிருந்து பட்டியல் போட்டால் அப்படித்தான் ஆகும். நீங்கள் பெயர்களைத் தேடும்போது முதலில் ஆட்டுப்பட்டிக்குப் போங்கள்.

கடைசியாக பெத்கெலெர்ட், அதாவது கெலெர்ட்டின் கல்லறை. அந்த ஊர்ப் புல்வெளியில் கெலெர்ட் என்ற நாயின் கல்லறை இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு இளவரசர் லவெலின் வேட்டையிலிருந்து திரும்புகிறார். தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, நாயின் வாயெல்லாம் இரத்தம். வாளால் குத்திவிடுகிறார். தொட்டிலுக்கு அடியில் குழந்தை பத்திரம், பக்கத்தில் செத்த ஓநாய். இந்தக் கதையை முதல்முறை கேட்டு எங்கள் வேனே சிரித்தது. “இது நம்ம கீரிப்பிள்ளைக் கதைதானே!” என்றார் பாட்டி. பஞ்சதந்திரத்தில் இருக்கிறது, சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் இருக்கிறது. பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த ‘பிள்ளை நகுல’த்தைக் கொன்றுவிட்ட பார்ப்பனி, கணவன் விட்டுப்போக, அவன் தந்த ஏட்டோடு தெருத்தெருவாக அலைகிறாள். கோவலன் பொருள் கொடுத்து அவள் பழி தீர்க்கிறான்.

கீரி எப்படியெல்லாமோ ஐரோப்பாவுக்கு வந்து நாயாகிவிட்டது. பெத்கெலெர்ட் கல்லறையை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுப்பியவர் அங்கிருந்த ராயல் கோட் விடுதிக்காரர். ஆள்கூட்டம் வர வேண்டுமே! கெலெர்ட் என்பது பழைய துறவி ஒருவரின் பெயராக இருக்கலாம் என்கிறார்கள். பொய்க் கல்லறை என்று அதை இடிக்கச் சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டி சிரித்து முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். பக்கத்தில் ஒரு சின்னப் பலகை வையுங்கள்: துறவியின் பெயர், விடுதிக்காரரின் கைவேலை, இந்தக் கதைக்கு ஒரு கீரி உறவு உண்டென்று ஒரு வரி. தமிழ் வரியை நான் எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம். வெல்ஷ் வரியை அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும்.

அக்டோபரில் மறுபடி வருகிறோம். பாட்டிக்கு அந்த அருவியை இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம், இந்தமுறை நுரைக்காக.

அன்புடன்,
பரங்கிமலைக்காரன்
லிவர்பூல்