வெள்ளைக் கமேலியா பூத்திருக்கிறது

நுவரெலியா,
தை 9

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த வெள்ளைக் கமேலியா இந்த வருடம் பூத்திருக்கிறது. எண்ணினேன், 14 பூ. தேயிலைப் பூவைப் பெரிதாக்கினாற்போல, நடுவில் அதே மஞ்சள் மகரந்தக் கொத்து. இரண்டும் ஒரே குடும்பம்தானே. முழுப் பூவாக விழாமல் இதழ் இதழாக உதிர்கிறது. அம்மா அதைக் கூட்டுவதில்லை. யாரையும் மிதிக்க விடுவதுமில்லை.

சென்ற வருடம் அது பூக்காததற்கு நான்தான் காரணம். மொட்டு வைத்த பிறகு கத்தி வைத்துவிட்டேன். 31 வருடம் கவ்வாத்து வெட்டிய கை. தேயிலையை எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் துளிர்க்கும். நமக்கு வேண்டியதும் கொழுந்துதான். இதற்குப் பூ முடிந்த கையோடு நுனியை நறுக்கினால் போதும், அப்புறம் தொடக் கூடாது.

இந்தத் தையில் பனி கடுமை. விடியும்போது புல்லெல்லாம் வெள்ளை. உறைந்த மொட்டில் காலை வெயில் நேரே பட்டால் கருகிவிடும் என்று கிழக்குப் பக்கம் சாக்குக் கட்டியிருக்கிறேன். வேர் மேலாகவே ஓடுகிறது. மண்ணை முள்ளுக் கருவியால் கிளறாமல் சருகு மட்டும் பரப்புகிறேன். புளிப்பு மண்தான் வேண்டும், சுண்ணாம்பு ஆகாது. மட்டக்களப்பில் இதை வைக்காதே. 6,000 அடிக் குளிரில் பழகியது அந்த வெயிலைத் தாங்காது. நீ எப்படித் தாங்குகிறாய்? குடையில்லாமல் பாடசாலைக்குப் போகாதே.

நம் தோட்டத்து லய வீடுகளிலிருந்து போன முதல் ஆசிரியை நீ. கடையில் யார் கேட்டாலும் சொல்கிறேன். ஆனால் தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அம்மா உனக்கும் ஓர் இலை போட்டாள். வெயிலில் குடையில்லாமல் போகாதே.

குறை சொல்ல எனக்கு வாயில்லை. கார்த்திகையில் நீ அம்மாவுக்கு எழுதிய கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கியது நான். உறையின் பின்னால் நீ விரும்பியவர் பெயரையும் உன் பெயரையும் சேர்த்துப் பார்த்ததும் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன். பிரிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை. 'பிள்ளை நம்மை மறந்துவிட்டது' என்று அவள் அழுதபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இந்த விலாசம் அந்த உறையில் பார்த்து எழுதியது.

இன்று மாலை அவள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் கொடுக்கப் போகிறேன். கொடுத்த பிறகுதான் இதைத் தபாலில் போடுவேன்.

அப்பா