பழையதைத் தூக்கிப் போடும் முன்…

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய மின்சாதனங்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைவிடப் புதிது வாங்கிவிடுவதே மேல் என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். அதனால் இதை எழுதுகிறேன்.

பழுது என்று வரும் பழைய சாதனங்களில் பலவற்றுக்குப் பெரிய நோய் எதுவும் இருப்பதில்லை. அண்மையில் ஒரு டேபிள் ஃபேன் வந்தது. வார்ப்பிரும்பு அடிப்பாகம், பித்தளை இறக்கை. சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. மோட்டார் எரிந்துவிட்டது, காயில் (உள்ளிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) புதிதாகக் கட்ட வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். கழற்றிப் பார்த்தால் காயிலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தண்டு சுழலும் உலோக வளையமான புஷ்ஷைச் சுற்றி, எண்ணெயை ஊறவைத்துக்கொள்ள ஒரு கம்பளித் துண்டு இருக்கும். அது காய்ந்துபோய், பழைய எண்ணெய் பிசினாக இறுகித் தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெஷின் ஆயில் சில சொட்டு விட்டேன். தண்டு விரலுக்கே சுழன்றது. மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கண்டென்சர் வலுவிழந்திருந்ததால் அதே மைக்ரோஃபாரட் (கண்டென்சரின் கொள்ளளவு) அளவில் வேறொன்று போட்டேன். வேலை அவ்வளவுதான். (தயவுசெய்து யாரும் சமையல் எண்ணெய் விடாதீர்கள். இப்படி இறுகுவதற்கு அதுவே பாதிக் காரணம்.)

அந்தக் காலத்துப் பொருள் எல்லாமே உசத்தி என்று நான் சொல்லமாட்டேன். மட்டமாகச் செய்தவை எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன, தப்பியவை மட்டும்தான் இன்று கண்ணில் படுகின்றன. ஆனால் அந்த ஃபேனைத் திருகு கழற்றித் திறக்க முடிந்தது. பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் சர்க்யூட் படத்தையே உள்ளே ஒட்டி வைத்திருப்பார்கள். எவனோ ஒருவன் பின்னாளில் இதைத் திறப்பான் என்று நினைத்துச் செய்த வேலை அது. இன்றைக்கு வரும் சில சாதனங்களில் சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு சின்ன தெர்மல் ஃப்யூஸ் போனாலும், பசை போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் கூட்டை உடைக்காமல் உள்ளே போக வழியில்லை. உடைத்தபின் மூடவும் முடியாது. வேலை தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு திருப்பி அனுப்புவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

சரி, பழையதை அப்படியே பிளக்கில் செருகிவிடலாமா? கூடாது. துணி சுற்றிய ஒயரின் உள்ளே ரப்பர் நொறுங்கிப்போயிருக்கும், வளைத்தாலே செம்பு தெரியும். முதலில் ஒயரை மாற்றுங்கள். உலோக உடல் கொண்ட இஸ்திரிப் பெட்டி என்றால் மூன்று கம்பி ஒயர் போட்டு, எர்த்தை உடலோடு இணைத்தே ஆக வேண்டும். பழைய இஸ்திரிப் பெட்டி, டோஸ்டர் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் அட்டை இருக்கும், அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் அதைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. பல ஆண்டுகள் சும்மா கிடந்த ரேடியோவை நேரடியாகப் போடாமல், சீரிஸில், அதாவது மின்சாரம் பல்பு வழியாகவே ரேடியோவுக்குப் போகும்படி, ஒரு குண்டு பல்பு வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று பொருள். மிகப் பழைய ஃப்ரிட்ஜுக்கு மட்டும் நான் வாதாடமாட்டேன். அது இழுக்கும் மின்சாரமும் அதிகம், அதிலுள்ள வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்பதால்தான் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தமே வந்தது. அந்த வாயுவைக் காற்றில் விடாமல் முறையாக எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பிரான்சில் 2021இல் வாஷிங் மெஷின், தொலைக்காட்சி போன்றவற்றைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டே விற்க வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். கழற்றுவது எளிதா, உதிரி பாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்பதெல்லாம் அதில் கணக்கு. தங்கள் நாளிதழிலும் புதிய சாதனங்களைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். இனி எழுதும்போது, அதைத் திருகு கழற்றித் திறக்க முடியுமா, எத்தனை ஆண்டுகளுக்கு உதிரி பாகம் தருவார்கள் என்று தயாரிப்பாளரிடம் கேட்டு அதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மின்சாதனப் பழுது பார்ப்பவர் ஒருவர்