வாய்க்காலுக்கு ஒரு நீலத் துணி

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "என்னம்மா, பழந்துணியெல்லாம் வெட்டிக் குவிச்சு வச்சிருக்கியாமே" என்று கேட்டாய். அப்பா சொல்லியிருப்பார். உனக்கு ஒரு ஒட்டுப் போர்வை தைக்கத்தான் அது. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூலையில் அமெரிக்காவில் டென்வரில் விமானம் மாறி உன் ஊர் லிங்கனுக்கு வந்தோமே, அப்போது ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது. கீழே கட்டம் கட்டமாக நிலம், கட்டத்துக்குள் வட்டமாகப் பச்சை. 1785ல் போட்ட சட்டப்படி மைலுக்கு மைல் சதுரமாக அளந்து பிரித்த பூமி, ஒரு சதுரம் 640 ஏக்கர் என்று காரில் வரும்போது சொன்னாய். அப்பா விரல் மடக்கி நம் ஊர் நில அளவில் கணக்குப் போட்டு, "கிட்டத்தட்ட 96 வேலி!" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அதில் கால் பங்கு 160 ஏக்கர். அதன் நடுவில் ஊன்றிய நீளக் குழாய் சுற்றிச் சுற்றி வந்து தண்ணீர் தெளிப்பதால் பயிர் வட்டமாகிறது, மூலைகள் காய்ந்து கிடக்கின்றன என்றாய். அந்த மூலைகளை நினைத்து எனக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் குவில்ட் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். துணி ஒட்டுப் போட்ட போர்வைக்கு ஒரு மியூசியமா என்று உள்ளே நுழையும்வரை எனக்கு ஒரு நினைப்பு. அந்த லாக் கேபின், அதாவது மரக்கட்டை வீடு என்கிற போர்வை முன்னால் நின்றதும் அது போய்விட்டது. நடுவில் சின்னச் சிவப்புச் சதுரம், அது வீட்டு அடுப்பு. அதைச் சுற்றி மரக்கட்டை அடுக்கியது போலத் துணிப் பட்டைகள், ஒரு பாதி வெளிர், ஒரு பாதி இருட்டு. அதே சதுரங்களைத் திருப்பித் திருப்பி வைத்துச் சேர்த்தால் போர்வை முழுக்கக் குறுக்காகக் கோடுகள் ஓடுகின்றன. அந்த அமைப்புக்கு ஸ்ட்ரெய்ட் ஃபர்ரோ என்று பெயர், ஃபர்ரோ என்றால் உழவுசால் என்று நீ சொன்னாய் பார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ ஏசிக் குளிர் என்று நினைத்து உன் சால்வையைக் கொடுத்தாய். குளிர் இல்லை பாப்பா. உழுத நிலத்தைப் பார்த்துப் பார்த்து, அதைத் துணியில் கொண்டுவந்த பெண்களை நினைத்துக்கொண்டேன். பறக்கும் வாத்துக் கூட்டம், கரடிப் பாதம், சோளமும் பீன்சும், வெண்ணெய் கடையும் மத்து என்று வாசலில் நின்றால் தெரிவதற்கெல்லாம் தையலில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். படம் வரைய நேரமில்லாதவர்கள், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் தைத்தே வரைந்திருக்கிறார்கள். கலை என்று சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஊருக்கு வந்ததும் நானும் அதே மாதிரி ஆரம்பித்தேன். கால் அங்குலம் தையலுக்கு விட்டு, அளவு பிசகாமல் பதினாறு சதுரம் தைத்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் விரித்துப் பார்த்தால் அது உன் ஊர் நிலம், நம் நிலம் இல்லை. நம் வயல் எது சதுரமாக இருக்கிறது? வாய்க்கால் வளைகிற இடத்தில் வரப்பும் வளைகிறது. குளத்தடி மூணு மா நிலம் பலாப்பழச் சுளை மாதிரி இருக்கும்.

அப்போதுதான் நீ வாங்கித் தந்த ஜீஸ் பெண்ட் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். அலபாமாவில் ஆறு மூன்று பக்கமும் சுற்றிக்கொள்கிற ஊர். பருத்திக் காட்டில் அடிமைகளாக வேலை செய்தவர்களின் வம்சத்துப் பெண்கள், குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தைத்த ஒட்டுப் போர்வைகள்தான் அந்தப் புத்தகம் முழுக்க. 2002ல் பெரிய மியூசியங்களில் மாட்டினார்கள், 2006ல் தபால்தலையாகவும் வந்தன. அவர்கள் கோடு நேராகப் போகாது. துணி எங்கே முடிகிறதோ அங்கே திரும்பும். மிசௌரி பெட்வே என்ற அம்மாள் 1942ல், கணவர் இறந்த பிறகு அவர் உழைத்த உடுப்புகளையே வெட்டித் தைத்த போர்வையின் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. வெயிலும் மண்ணும் தின்ற அந்தத் துணியின் நீலமும் சாம்பலும் எந்தக் கடையிலும் கிடைக்காத நிறம்.

அதனால் அளவுகோலை ஓரமாக வைத்துவிட்டு, நம் வயல் ஒவ்வொன்றையும் இருக்கிறபடியே துணியில் வைக்க ஆரம்பித்தேன். கோயிலடி நாலு மாவுக்கு அப்பாவின் பழுப்பேறிய வேட்டி. தை மாசம் அறுத்துப் போட்ட நெல்தாள் நிறம் அப்படியே இருக்கிறது. குளத்தடிக்குப் பாட்டியின் சுங்குடி. நாற்றங்காலுக்கு உன் கிளிப்பச்சைப் பாவாடை. வரப்புக்கெல்லாம் சேலைக் கரையைக் கிழித்துக்கொண்டேன். கரைக்குக் கரைதானே பொருத்தம்! இந்தப் பெயர் வைத்தவர்கள் நெசவும் தெரிந்து வயலும் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பா தினமும் சாயங்காலம் வந்து நின்று பார்க்கிறார். "மடை அந்தப் பக்கம் இல்லை, ரெண்டு முழம் கிழக்கே" என்கிறார். இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன். அவர் சொல்வது சரிதான், இத்தனை வருஷம் தண்ணீர் பாய்ச்சியவர். மேலவயல் ஆறு மாவை உன் பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணியில் வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும், "அதை வித்தாச்சே, உன் மக படிப்புக்கு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "வடக்கு வரப்புல ஒரு பனை நின்னுச்சு, அதையும் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டுவிட்டேன்.

மேல்துணி முக்கால்வாசி முடிந்தது. இனிப் பஞ்சு பரப்பி, அடித்துணி வைத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் நூலோட்ட வேண்டும். அந்த நூலை நடவு வரிசை மாதிரி நெருக்கி ஓட்டலாம் என்று இருக்கிறேன். உன் ஊர்ப் பனிக்குத் தாங்க வேண்டுமே.

வாய்க்கால் மட்டும் இன்னும் காலியாகக் கிடக்கிறது. என்னிடம் இருக்கிற நீலமெல்லாம் புதுசாக, பளபளவென்று இருக்கிறது. நம் வாய்க்கால் தண்ணீர் அப்படி இருக்காது. உன்னிடம் முட்டி வெளுத்த பழைய ஜீன்ஸ் இருந்தால் தூக்கிப் போடாதே. யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்து அனுப்பு. துவைத்து அனுப்பினால் போதும், இஸ்திரி வேண்டாம்.

அன்புடன்,
அம்மா